சோறா, பாக்கெட்டா? நாய் பூனை உணவு பற்றிய ஒரு பரிசீலனை

நாய், பூனை வளர்ப்பவர்கள் நடுவே உணவு விஷயத்தில் மூன்று கட்சிகள் இருக்கின்றன. வீட்டுச் சாப்பாடுதான் நல்லது, பாக்கெட்டுக்குள் எதை அரைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும் என்பது ஒன்று. ஆராய்ந்து தயாரித்த உணவு கடையில் கிடைக்கும்போது தயிர்சாதம் போட்டு விலங்கை ஏன் வதைக்கிறீர்கள் என்பது இன்னொன்று. மூன்றாவது கட்சி புதியது, பெருநகரங்களில் பரவிவருகிறது. ஓநாயும் காட்டுப்பூனையும் சமைத்தா தின்றன, பச்சை இறைச்சியும் எலும்பும்தான் இயற்கை என்பது அவர்கள் வாதம். மூன்று கட்சிகளிடமும் பளபளவென்று இருக்கும் விலங்குகள் சாட்சிக்கு உண்டு. ஆனால் கடந்த ஒரு நூற்றாண்டுப் பதிவுகளைப் புரட்டினால் மூன்று வழியிலும் விலங்குகள் நோயுற்றும் இறந்தும் இருக்கின்றன. அந்தக் கேடுகளுக்கெல்லாம் அடிப்படை ஒன்றே. வேண்டிய சத்து ஒன்று குறைந்தது, அல்லது வேண்டாதது ஒன்று கூடியது. குறைந்ததும் கூடியதும் கண்ணுக்குப் படவில்லை, மூக்குக்கும் எட்டவில்லை. விலங்கு ருசித்துத்தான் தின்றது. எனவே உணவு எங்கே தயாரானது என்பதை வைத்து நடத்தும் சண்டையால் பெரிய பயன் இல்லை என்று நினைக்கிறேன். இந்தத் தட்டில் இந்த விலங்குக்கு வேண்டியதெல்லாம் இருக்கிறதா, வேண்டிய அளவில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு நாய்க்கு ஒரு விடை, பூனைக்கு வேறு விடை.

முதலில் நாய். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்செல்சன் குழுவினர் 2013இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட மரபணு ஆய்வு ஓநாய் வாதத்தின் அடித்தளத்தை அசைத்துவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகள்தான் இருக்கிறது. நாய்களிடம் நான்கு முதல் முப்பது பிரதிகள்வரை இருக்கின்றன. மனிதன் உழுது பயிர் செய்யத் தொடங்கிய பிறகு, அவன் குப்பைமேட்டிலும் திண்ணையிலும் கிடைத்த தானிய உணவோடு சேர்ந்தே நாயின் உடலும் மாறியிருக்கிறது. எல்லா நாய்க்கும் இது ஒரே அளவில் நடக்கவில்லை. விவசாயம் எட்டாத பனிநாட்டிலிருந்து வந்த ஹஸ்கிக்குப் பிரதிகள் குறைவு, ஆஸ்திரேலிய டிங்கோவுக்கு ஓநாயைப் போல இரண்டே. நம் ஊர் நாய் சோறு தின்று செரிக்கும், அதில் ஐயமில்லை. செரிக்கிறது என்பதாலேயே அது போதுமான உணவு ஆகிவிடாது என்பதுதான் சிக்கல். அரிசியில் புரதம் நூற்றுக்கு ஏழு பங்கு அளவில்தான் இருக்கிறது. வளர்ந்த நாயின் உணவில், ஈரத்தைக் கழித்துப் பார்த்தால், நூற்றுக்குப் பதினெட்டுக்குக் குறையாமல் புரதம் இருக்கவேண்டும் என்பது பல நாடுகளில் உற்பத்தியாளர்கள் பின்பற்றும் அமெரிக்க அளவுகோல்.

பூனையின் கதையே வேறு. அது மனிதனுடைய தானியக் களஞ்சியத்துக்கு வந்தது தானியம் தின்ன அல்ல, தானியம் தின்ற எலியைத் தின்ன. பல்லாயிரம் ஆண்டுகள் மனிதனோடு வாழ்ந்தும் அதன் உடல் வேட்டை விலங்கின் உடலாகவே நின்றுவிட்டது. நமக்கும் நாய்க்கும் உள்ளே தயாராகும் பல பொருள்கள் பூனைக்குத் தயாராவதில்லை, அல்லது போதிய அளவு தயாராவதில்லை. இதயத்துக்கும் விழித்திரைக்கும் வேண்டிய டாரினை அது உணவிலிருந்தே பெறவேண்டும். கேரட்டில் இருக்கும் கரோட்டினை வைட்டமின் ஏ ஆக மாற்றத் தெரியாது. தாவர எண்ணெயிலிருந்து அராக்கிடோனிக் அமிலத்தைச் செய்துகொள்ளவும் இயலாது. ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலம் அறவே இல்லாத ஒரே ஒரு வேளை உணவு போதும், சில மணி நேரத்தில் இரத்தத்தில் அம்மோனியா ஏறிப் பூனை சுருண்டுவிடும். இது 1970களின் இறுதியிலேயே சோதனையில் கண்டறியப்பட்டது. இனிப்பை உணரும் சுவைமொட்டு மரபணுகூடப் பூனையிடம் பழுதுபட்டுக் கிடக்கிறது என்று பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையம் 2005இல் காட்டியது. பாயசத்தை ஒரு பூனை நக்குகிறது என்றால் அதை இழுப்பது பாலும் நெய்யும், சர்க்கரை அல்ல. ஆக, நாய்க்குப் போடும் சோற்றில் கொஞ்சம் எடுத்துப் பூனைக்கு வைப்பது என்பது சிக்கனம் போலத் தோன்றினாலும் பூனையின் உடலுக்கு அது பட்டினியின் ஒரு வகை.

பூனைக்கு டாரின் எவ்வளவு முக்கியம் என்பதை உலகம் தெரிந்துகொண்ட விதம், பாக்கெட் கட்சியினர் கட்டாயம் படிக்கவேண்டியது. 1970களின் நடுவிலேயே டாரின் குறைந்தால் பூனைக்குப் பார்வை போகும் என்று தெரிந்திருந்தது. உணவுத் தயாரிப்பாளர்கள் அன்றைய பரிந்துரைப்படி டாரின் அளவை வைத்திருந்தார்கள். ஆனாலும் இதயத் தசை தளர்ந்து, அறைகள் வீங்கிப் பூனைகள் இறந்துகொண்டிருந்தன. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பால் பயோன் என்ற கால்நடை இதய மருத்துவரும் அவர் கூட்டாளிகளும் 1987இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள்: இந்தப் பூனைகளின் இரத்தத்தில் டாரின் குறைவு, டாரின் கொடுத்தால் தளர்ந்த இதயம் திரும்புகிறது. நோயுற்றவை நல்ல பெயரெடுத்த நிறுவனங்களின் உணவைத் தின்ற பூனைகள். பரிந்துரைத்த அளவே போதாமல் இருந்திருக்கிறது. நிறுவனங்கள் கலவையைத் திருத்தின, அந்த நோய் பூனைகளிடையே அரிதாகிப்போனது. இந்த நிகழ்ச்சியைப் 'பாக்கெட் கொன்றது' என்றும் வாசிக்கலாம், 'பாக்கெட் திருந்தியது' என்றும் வாசிக்கலாம். இரண்டும் உண்மைதான். எனக்கு முக்கியமாகப் படுவது, ஒரே வகை உணவைப் பல்லாயிரம் விலங்குகள் தின்றதால்தான் குறையைக் கண்டுபிடிக்கவே முடிந்தது என்பது.

பச்சை இறைச்சிக் கட்சியின் வேத வாக்கியமும் இதே டாரினில் வந்து முட்டுகிறது. பிரான்சிஸ் பாட்டெஞ்சர் என்ற அமெரிக்க மருத்துவர் 1932 முதல் 1942 வரை பூனைகளை இரு பிரிவாக வைத்துப் பார்த்தார். பச்சை இறைச்சி தின்றவை தலைமுறை தலைமுறையாகச் செழித்தன, சமைத்த இறைச்சி தின்றவை நலிந்தன. சமையல் உணவைக் கொல்கிறது என்பதற்கு இன்றும் இதை எடுத்துக்காட்டுகிறார்கள். டாரின் பூனைக்கு இன்றியமையாதது என்று அவர் காலத்தில் எவருக்கும் தெரியாது. இறைச்சியை வேகவைக்கும்போது டாரின் தண்ணீரில் இறங்கிவிடும், தண்ணீரைக் கொட்டினால் அதுவும் போயிற்று. அந்தப் பூனைகளின் நலிவில் பெரும்பகுதியை இதைக்கொண்டே விளக்கிவிடலாம் என்பது பின்னாள் ஆய்வாளர்களின் கருத்து. அடுப்பின் மீது பழி போடுவதற்கு முன்னால், வேகவைத்த தண்ணீரையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்திருக்கலாம்.

பாக்கெட்டின் மீதான குற்றச்சாட்டுகள் டாரினோடு முடிவதில்லை. 2007 மார்ச்சில் கனடாவின் மெனு ஃபுட்ஸ் நிறுவனம் தயாரித்த ஈர உணவு ஆறு கோடி டப்பாக்களுக்கு மேல் திரும்பப் பெறப்பட்டது. பல பெயர்களில் விற்கப்பட்டாலும் எல்லாம் ஒரே நிறுவனம் தயாரித்தவை. சீனாவிலிருந்து வாங்கிய கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. புரதத்தின் அளவை நேரடியாக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து கணக்கிடுகிறார்கள். நைட்ரஜன் மிகுந்த மெலமைனைக் கலந்தால் புரதம் கூடியதாகச் சோதனையில் தெரியும். விலங்குகளின் சிறுநீரகத்தில் அது படிகமாக உறைந்து அடைத்தது. அதே ஏமாற்று மறு ஆண்டு சீனாவில் குழந்தைகளின் பால்மாவில் வெளிப்பட்டது. 2020இன் இறுதியில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் நாயுணவில் பூஞ்சை நஞ்சான அஃப்லடாக்சின் ஏறி, நூற்றுக்கும் மேற்பட்ட நாய்களின் சாவோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. தானியமே இல்லாத உணவு என்று பெருமையாக விற்கப்பட்ட, பட்டாணியும் பருப்பும் நிறைந்த வகைகளைத் தின்ற நாய்களுக்கு இதய வீக்கம் வருவதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018 ஜூலையில் எச்சரித்தது. காரணம் இன்னும் உறுதிப்படவில்லை. ஓநாய் வாதத்தை நம்பித் தானியத்தை ஒதுக்கிய உணவுக்கே இந்தச் சந்தேகம் வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம். லாபத்துக்காக நடக்கும் தொழில் இது. அதன் விளம்பரங்களை நம்பவேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

அப்படியானால் வீட்டுச் சாப்பாடு தப்பித்துக்கொள்கிறதா என்றால், இல்லை. டேவிஸ் வளாகத்துக் கால்நடை உணவியலாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றில், புத்தகங்களிலும் இணையத்திலும் கிடைத்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளை நாய்களுக்கான சத்துத் தேவையோடு ஒப்பிட்டார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைந்தது. பெரும்பாலானவற்றில் பல சத்துகள் குறைந்தன. இவை அக்கறையோடு எழுதப்பட்ட குறிப்புகள். மிச்சம் மீதியைத் தட்டில் வழித்துப் போடும் வழக்கத்தை யாரும் அப்படி அளந்து பார்த்ததில்லை. பாக்கெட்டில் குறை வந்தால் செய்தி வரும், தொகுதி எண்ணோடு திரும்பப் பெறுவார்கள். ஒரு வீட்டுச் சட்டியில் வரும் குறை அந்த வீட்டு நாயோடு போய்விடும். வயது, விதி, ஏதோ காய்ச்சல் என்று பெயர் சொல்லிக் குழிதோண்டிப் புதைத்துவிடுகிறோம். வீட்டுச் சாப்பாட்டுக்கு இருக்கும் நல்ல பெயரில் ஒரு பகுதி, கணக்கு எடுக்கப்படாததால் வந்தது.

வீட்டுத் தட்டில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது கால்சியம். இதைக் கொஞ்சம் கணக்காகவே பார்க்கலாம். பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளுக்குச் சுமார் 600 கலோரி வேண்டும். அந்த அளவு உணவில் முக்கால் கிராமை ஒட்டிக் கால்சியம் இருக்கவேண்டும். சோறும் எலும்பில்லாத கோழிக்கறியும் எவ்வளவு போட்டாலும் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. தயிர் ஊற்றுகிறோமே என்பார்கள். ஒரு கிண்ணத் தயிரில் கால் கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும், பாதி வழிகூட வரவில்லை. எலும்பு சூப் வைக்கிறோமே என்பார்கள். எலும்பை எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் கால்சியம் எலும்பிலேயே தங்கிவிடுகிறது, நீரில் இறங்குவது மிகச் சொற்பம். இறைச்சியில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போலப் பதினைந்து, இருபது மடங்கு இருப்பதால் நிலைமை இன்னும் மோசமாகும். இரத்தத்தில் சமநிலை கெடும்போது உடல் தன் எலும்பையே கரைத்து ஈடுகட்டுகிறது. வளரும் குட்டியில் இது சீக்கிரம் தெரியும்: கால் வளையும், மாடிப்படி இறங்கினாலே எலும்பு முறியும். வெறும் கறி மட்டும் போட்டுச் செல்லமாக வளர்க்கப்பட்ட நாய்க்குட்டிக்கும் பூனைக்குட்டிக்கும் இது நேர்வதைக் கால்நடை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். இந்த விஷயத்தில் தென்மாவட்டத்து வேட்டை நாய்களுக்குக் கேழ்வரகுக் கூழ் ஊற்றிய பழைய வழக்கம் அரிசிச் சோற்றைவிட ஒரு படி மேல். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் உண்டு. நன்றாகக் கழுவி, வறுத்து, மாவாக இடித்த முட்டை ஓடு இன்னும் எளிய வழி. ஒரு முட்டையின் ஓட்டில் சுமார் இரண்டு கிராம் கால்சியம் இருப்பதால், மேலே சொன்ன பத்துக் கிலோ நாய்க்கு அரைத் தேக்கரண்டிக்கும் குறைவான மாவே போதும்.

இதைக் கேட்டதும் கால்சியம் சிரப்பை இரண்டு மூடி கூட ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். கிரேட் டேன் போன்ற பெரிய இனங்களின் குட்டிகளில் கூடுதல் கால்சியம் எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்குகிறது என்பது நெதர்லாந்தில் நடந்த ஆய்வுகளில் உறுதிப்பட்டது. சிறு குட்டியின் குடல், வேண்டாததை வெளியே தள்ளக் கற்றுக்கொள்ளவில்லை. கொடுத்ததில் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராஜபாளையம் குட்டிகளுக்கு முதல் ஆண்டில் குத்துமதிப்பாகச் சமைத்துப் போடுவதைவிட, வளரும் பெரிய இனக் குட்டிக்கென்றே தயாரித்த முழுமையான உணவைக் கொடுப்பது பாதுகாப்பு. அதைக் கொடுக்கும்போது மேலே சிரப் தேவையில்லை. வீட்டுச் சமையல்தான் என்று தீர்மானித்தவர்கள் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ தேர்ந்த மருத்துவரிடமோ குட்டியின் எடைக்கேற்ற கலவையைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

இங்கே எழும் மறுப்பு ஒன்று வலுவானது. எங்கள் தாத்தா காலத்து நாய் பழையசோறு தின்று பன்னிரண்டு வருஷம் இருந்ததே, பூனைக்குப் பாலும் சோறும் போட்டோம், அது குட்டிபோட்டுப் பெருகியதே என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த நாய் தட்டில் வைத்ததை மட்டும் தின்றதில்லை. வயலில் எலி பிடித்தது, கசாப்புக் கடைப் பக்கம் போனது, ஓணானையும் முயலையும் துரத்தியது. அந்த வீட்டுப் பூனை இரவெல்லாம் கூரையிலும் களத்திலும் அலைந்து பல்லி, எலி, குருவி என்று தனக்கு வேண்டிய டாரினைத் தானே சம்பாதித்துக்கொண்டது. வீட்டார் வைத்த பால்சோறு அதற்கு இடைப்பலகாரம். நிலைமை மாறியது விலங்கு அடுக்குமாடிக்கு ஏறியபோது. சன்னலுக்கு வலை அடித்து, கதவைச் சாத்தி, கருத்தடை செய்து ஒரு பூனையை வீட்டுக்குள் வைத்துவிட்டால் அதன் உலகத்தில் உள்ள மொத்த உணவும் நாம் வைக்கும் தட்டுதான். தட்டில் இல்லாதது அதற்கு எங்குமே கிடைக்காது. பழைய பழக்கத்தை அப்படியே புதிய வீட்டுக்குக் கொண்டுவந்ததில்தான் கோளாறு. போதாததற்கு, தாத்தா காலத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்த நாய் நினைவில் நிற்கிறது, முதல் ஆண்டிலேயே போன குட்டிகளை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

சைவ வீடுகளின் தயக்கத்தையும் இந்த இடத்தில் நேராகப் பார்க்கவேண்டும். கறி வாங்கி வீட்டுக்குள் கொண்டுவரமாட்டோம் என்பது மதிக்கவேண்டிய ஒழுக்கம். நாயைப் பொறுத்தவரை அதற்கு இடமுண்டு. முட்டை, பால் பொருள்கள், நன்றாக வேகவைத்த பருப்பு, அதோடு கணக்கிட்டுச் சேர்த்த தாது, வைட்டமின் என்று அமைத்தால் நாய் நலமாக இருக்கும். சத்து முழுமையாக அமைந்த தாவர உணவை நாய்களுக்குக் கொடுப்பதை இனி எதிர்க்கப்போவதில்லை என்று பிரிட்டிஷ் கால்நடை மருத்துவச் சங்கம் 2024இல் தன் பழைய நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. பூனைக்கு அந்தச் சலுகையை உடல் கொடுக்கவில்லை. கிராமத்தில் எங்கள் வீட்டுப் பூனை சைவம் என்று சொன்னவர்கள் உண்டு, அங்கே சைவமாக இருந்தது வீடு மட்டுமே. இறைச்சி தொடாத குடும்பத்துக்கு, டாரின் சேர்த்துத் தயாரான பூனை உணவுப் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டுவது கைக்கும் மனசுக்கும் எளிதான வழி. அதுவும் ஆகாது என்பவர்கள் வேறு விலங்கை வளர்க்கலாம்.

பச்சை இறைச்சிக்குத் திரும்புவோம். சத்துக் கணக்கு ஒருபுறம் இருக்க, அதன் பெரிய ஆபத்து கிருமி. சால்மொனெல்லா, லிஸ்டீரியா ஆகியவை உறைபெட்டியில் வைத்தால் சாவதில்லை, உறங்குகின்றன. நாய் அதைத் தின்று ஆரோக்கியமாகவே இருந்துவிடலாம், ஆனால் அதன் வாய், மலம் வழியாகத் தவழும் குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் போய்ச் சேரும். இறைச்சிக்கூடத்துக் கழிவு ஈரலையும் நுரையீரலையும் பச்சையாகத் தின்ற நாய் வழியே மனிதருக்கு வரும் நீர்க்கட்டி நோய் இந்தியாவுக்குப் பழையது. இப்போது பறவைக் காய்ச்சலும் சேர்ந்திருக்கிறது. 2024இல் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் உறைந்த பச்சை வான்கோழி உணவைத் தின்ற வீட்டுப் பூனை எச்5என்1 தொற்றி இறந்தது. டெக்சாஸ் பால்பண்ணைகளில் நோயுற்ற மாடுகளின் காய்ச்சாத பாலைக் குடித்த பூனைகள் மடிந்தன. அதே ஆண்டு இறுதியில் நாகபுரியின் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் அதே வைரஸுக்குப் பலியாயின. காய்ச்சல் வைரஸும் புழுவும் பாக்டீரியாவும் கொதிநிலையில் அடங்கிவிடுகின்றன. சமைத்த நீரைக் கொட்டாமல் கொடுப்பதும் டாரின் சேர்ப்பதும் எளிது என்றிருக்கும்போது, பச்சையாகக் கொடுப்பதற்கு ஆதரவாக எஞ்சுவது 'இயற்கை' என்ற சொல்தான். இயற்கையில் காட்டுப்பூனை சில வருடங்களே வாழும் என்பதையும் அந்தச் சொல்லோடு சேர்த்தே எடுத்துக்கொள்ளவேண்டும்.

என்ன கொடுக்கிறோம் என்பதில் இவ்வளவு சண்டை போடுகிறவர்கள், எவ்வளவு கொடுக்கிறோம் என்பதில் மௌனமாகிவிடுகிறார்கள். ஆயுளை நீட்டுவதற்கு நம்மிடம் இருக்கும் மிகத் தெளிவான சான்று அளவைப் பற்றியதுதான். அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை ஒரே ஈற்றின் இணைகளாகப் பிரித்து, ஒன்று தின்பதைவிடக் கால் பங்கு குறைவாக மற்றதற்குக் கொடுத்துச் சாகும்வரை கவனித்தார்கள். 2002இல் முடிவு வெளியானது. நிறையத் தின்றவற்றின் நடு ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாகத் தின்றவற்றுக்கு 13. மூட்டுத் தேய்மானமும் இவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. இந்த ஆய்வை நடத்தியது நாயுணவு விற்கும் பியூரினா நிறுவனம் என்பது வேடிக்கை, குறைத்துப் போடுங்கள் என்று தன் சரக்குக்கு எதிராகவே சாட்சி சொன்னது. நம் வீடுகளில் அளவு கெடுவது பெரும்பாலும் வேளைச் சாப்பாட்டில் அல்ல, நடுவில் நீட்டும் பிஸ்கட்டில். ஐந்து கிலோ பொமரேனியனுக்கு ஒரு நாளுக்கு 370 கலோரி அளவில் போதும். ஒரு மேரி பிஸ்கட்டில் சுமார் 25 கலோரி. காபி நேரத்தில் வீட்டில் ஆளுக்கொன்றாக நான்கு பேர் நீட்டினால் அன்றைய தேவையில் கால் பங்குக்கு மேல் மாவும் சர்க்கரையுமாகவே போயிற்று. தின்பண்டம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது மருத்துவர்கள் சொல்லும் வரம்பு. தராசு இல்லாதவர்கள் விலாவைத் தடவிப் பார்க்கலாம்: அழுத்தாமலே எலும்புகள் விரலுக்குத் தட்டுப்படவேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரியவேண்டும். கெஞ்சும் கண்ணை அளவுகோலாகக் கொள்ளக்கூடாது, அது வயிறு நிறைந்த பிறகும் கெஞ்சும்.

பூனைக்கு அளவோடு தண்ணீரும் பிரச்சினை. பாலைநிலக் காட்டுப்பூனையின் வழிவந்ததால் அதற்குத் தாகம் குறைவு. இரையின் உடலிலிருந்த நீரே அதற்குப் போதுமானதாக இருந்தது. எலியின் உடலில் ஏறத்தாழ எழுபது விழுக்காடு நீர், உலர் உணவில் பத்து. வெறும் உலர் உணவில் வளரும் பூனை அந்த வித்தியாசத்தை முழுவதும் குடித்து ஈடுகட்டுவதில்லை, சிறுநீர் கெட்டிப்படுகிறது. அடைப்புக்குள்ளாகும் ஆண் பூனைகளின் அவதி இதோடு சேர்ந்தது. முன்பு ஸ்ட்ரூவைட் என்ற சிறுநீர்க் கற்களைத் தடுக்க உணவில் மெக்னீசியத்தைக் குறைத்துச் சிறுநீரை அமிலமாக்கினார்கள். அந்தக் கற்கள் குறைந்தன, கால்சியம் ஆக்சலேட் கற்கள் கூடின. ஒன்றைத் திருத்தப்போய் இன்னொன்று கிளம்பும் இந்தத் துறையில் ஈரத்தைக் கூட்டுவது மட்டும் இரண்டுக்கும் உதவுகிறது. ஒரு வேளையாவது ஈர உணவு கொடுக்கலாம், அல்லது உலர் உணவில் வெந்நீர் விட்டு ஊறவைக்கலாம். கரையோர ஊர்களில் பூனைக்கு மீன்தான் எல்லாம். சில மீன்களின் பச்சைச் சதையில் தயமின் வைட்டமினைச் சிதைக்கும் நொதி உண்டு, வேகவைத்தால் அது செயலிழக்கும். மத்தி போன்ற எண்ணெய் மீனை மட்டுமே மாதக்கணக்கில் போட்டால் வைட்டமின் ஈ குறைந்து தோலடிக் கொழுப்பு அழன்றுபோகும். ஈரல் நல்லதென்று தினமும் ஈரலே வைத்தால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒட்டிக்கொள்ளும். பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்கு வயிற்றுப்போக்குத்தான்.

நஞ்சாகும் பொருள்களின் பட்டியல் எங்கும் கிடைக்கும், நம் சமையலறைக்கு நெருக்கமானதை மட்டும் சொல்கிறேன். முதலில் வெங்காயம். பூனைக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஐந்து கிராம் போதும், இரத்தச் சிவப்பணு உடைந்து சோகை வர. நான்கு கிலோ பூனைக்கு இருபது கிராம், அதாவது நாலைந்து சின்ன வெங்காயம். வதக்கினாலும் அரைத்தாலும் அதன் நஞ்சு போவதில்லை. நாய் இதைவிடச் சில மடங்கு தாங்கும், பிரியாணி மிச்சம் தினமும் விழுந்தால் அதற்கும் ஆபத்துத்தான். திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்கின்றன, எந்த நாய், எத்தனை பழம் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லாததால் ஒன்றுகூட வேண்டாம். சாக்லேட், சர்க்கரையில்லாத மிட்டாய்களில் வரும் சைலிட்டால், வேகவைத்ததால் கூராகப் பிளக்கும் கோழி எலும்பு ஆகியவையும் அப்படியே. பூஞ்சை பிடித்த தானியத்தை 'நாய்க்குத்தானே' என்று ஒதுக்கிவைப்பது இவற்றில் மிகப் பொல்லாத பழக்கம். 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பழங்குடிக் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டோர் ஈரல் கெட்டு இறந்தார்கள். அந்த வீடுகளில் அதே உணவைப் பகிர்ந்துகொண்ட நாய்களும் அதே நோயில் செத்தன.

முழுமையான உணவு வசதியுள்ளவர்களுக்குத்தானே என்ற கேள்வி நியாயமானது. பாக்கெட் விலை ஏறிக்கொண்டே போகிறது. நாயைப் பொறுத்தவரை பணம் தடையாக இருக்கத் தேவையில்லை: கேழ்வரகு அல்லது சோறு, தினம் ஒரு முட்டை, மலிவாகக் கிடைக்கும் கோழித்தலை அல்லது உப்பில்லாமல் வேகவைத்த சிறுமீன், கொஞ்சம் பூசணி, முட்டை ஓட்டு மாவு, வாரத்தில் ஒரு நாள் சிறிது ஈரல். ஆய்வக நிறைவு இதில் இல்லை, ஆனால் தயிர்சாதத்தைவிட எவ்வளவோ மேல், செலவும் அதிகமில்லை. பூனைக்கு இந்த அளவு தைரியத்தோடு சொல்லமாட்டேன். அது தின்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் பாதிக்கு மேலாவது முழுமையான பூனை உணவாக இருந்து, மீதி வேகவைத்த மீனோ கோழியோ அதன் நீரோடு இருக்கட்டும். எந்த மாற்றத்தையும் ஒரு வாரத்தில் படிப்படியாகச் செய்யவேண்டும். புதிய உணவைத் தின்னாவிட்டால் பட்டினி போட்டுப் பழக்கலாம் என்று பூனையிடம் பிடிவாதம் காட்டக்கூடாது. பருத்த பூனை சில நாள் தின்னாமல் கிடந்தாலே ஈரலில் கொழுப்பு நிறைந்து உயிருக்கு ஆபத்தாகும்.

பாக்கெட் வாங்குபவர்கள் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பின்பக்கத்தைப் படிக்கவேண்டும். முழுமையான, சமச்சீரான உணவு என்ற உறுதிமொழி இருக்கிறதா, அது குட்டிக்கா வளர்ந்ததற்கா, கலோரி அளவு கொடுத்திருக்கிறார்களா, தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் உண்டா என்ற நான்கும் போதும். உறுதிமொழி இல்லாதது, எவ்வளவு விலையானாலும், தின்பண்டம். மூட்டையைப் பிரித்து எடைபோட்டு விற்கும் கடைகளில் இந்த நான்கையும் பார்க்க வழியே இல்லை, அங்கே வாங்குவதைத் தவிர்ப்பது நல்லது. நம் உணவைக் காக்கும் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம் விலங்குத் தீவனத்தை 'உணவு' என்ற வரையறைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. இத்தனை லட்சம் வீடுகளில் பாக்கெட் பிரிக்கப்படும் நாட்டில் அதற்கென்று கட்டாயச் சோதனையும் திரும்பப் பெறும் முறையும் வேண்டும் என்று வளர்ப்பவர்களும் கால்நடை மருத்துவர்களும் சேர்ந்து கேட்கவேண்டும்.